இடது பின் சில்லு

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து மாதக் கூலிக்கு ஒரு பழைய வான் பிடித்திருந்தோம். துறைமுகப் பக்கத்தில் ஏறினால் மூதூரில் இறங்குவோம். அதில் யார் எங்கே இருப்பது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் சேர்ந்தவருக்கு முன் வரிசை, கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கடைசி வரிசை. நான்தான் கடைசி. என் இடம் இடது பின் சில்லுக்கு நேர் மேலே; சக்கரம் உருள்வது காலடியில் தெரியும். சாரதிக்குப் பக்கத்து இருக்கை மட்டும் அவருடைய மகளுக்கு. அவள் மூதூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள்.

அந்தச் சத்தம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. வான் மெதுவாகப் போகும்போது 'டொக், டொக்' என்று காலடியில் தட்டும். வேகம் எடுத்தால் தட்டல்கள் ஒன்றாகக் கலந்து, இருக்கை முழுவதும் நடுங்கும். அந்த நடுக்கம் நேராக என் வயிற்றுக்கு ஏறும். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் ஒரு கரு தங்கவில்லை. அந்த இழப்பைப் பற்றி வானில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். "சைலன்சர்தான் டீச்சர், வேறொண்டுமில்ல," என்றார் விஞ்ஞான ஆசிரியர். இன்னொருவர் இருக்கைக்குக் கீழே கிடந்த, சில்லு மாற்ற வானைத் தூக்கும் ஜக்கைக் குற்றம் சாட்டினார். ஜக்கைச் சாக்கில் சுற்றிக் கட்டினோம். சத்தம் போகவில்லை. நான் கணிதம் படிப்பிப்பவள், சந்தேகம் வந்தால் லேசில் விடமாட்டேன். கிண்ணியாப் பாலத்து இறக்கத்தில் சாரதி கியரைக் கழற்றி விட்டபோதும் அது தட்டியது. அப்படியென்றால் எஞ்சின் இல்லை. பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாறவில்லை. வான் உருளும் வேகத்தோடு அதுவும் கூடிக் குறைந்தது. ஆகவே உருள்வதில்தான் ஏதோ பிழை. இதை நான் விளக்கியபோது முன் வரிசையிலிருந்த மூத்த ஆசிரியை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை, முதல் பிள்ளையெண்டா அப்பிடித்தான். உடம்புக்குள்ள அதிரும், நீங்கள் வெளியில எண்டு நினைப்பீங்கள். எங்களுக்கொண்டும் கேக்கேல்லயே."

"ஓம், எனக்கும் கேக்கேல்ல," என்றார் சாரதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அன்று பின்னேரம் கிளினிக்குக்குப் போய், உள்ளே ஏதாவது நடுங்குகிறதா என்று மருத்துவமாதுவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு சாரதியின் மகள் வரவில்லை. காய்ச்சல் என்றார் சாரதி. எல்லோரும் சேர்ந்து என்னை அவளுடைய இருக்கைக்கு அனுப்பினார்கள். என் பழைய இடத்தில் எங்கள் பைகள் ஏறின. முன்னால் நடுக்கமே தெரியவில்லை. ஓரிரு நாள் நிம்மதியாகக்கூட இருந்தேன். அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்படி ஒரு காலை, கிண்ணியாப் பாலத்தில் மூதூர் பஸ் எங்களை முந்தியது. அதன் ஜன்னலோரம் சாரதியின் மகள் இருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு. அது காய்ச்சல்காரியின் முகம் அல்ல. எங்கள் வானைக் கண்டதும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சாரதியைப் பார்த்தேன். அவர் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டபடியால்தான் மகளை பஸ்ஸில் அனுப்புகிறார்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"ஏலாது டீச்சர், நேரம் போகுது. சிவப்புக் கோடு கீறிப்போடுவினம்."

பாடசாலை வரவுப் புத்தகத்தில் குறித்த நேரத்துக்கு அதிபர் ஒரு சிவப்புக் கோடு கீறுவார். பிந்தி வந்தவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு நாங்கள் பயந்த அளவுக்கு வேறெதற்கும் பயந்ததில்லை. பின்னாலிருந்து முணுமுணுப்புக் கிளம்பியது.

"எனக்குச் சத்தி வருது," என்று வாயைப் பொத்தினேன். அது பொய். ஆனால் அதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள். பாலம் முடிந்த இடத்தில் வான் நின்றது.

இறங்கி நேரே பின் சில்லுக்குப் போனேன். வயிற்றோடு குந்தக் கஷ்டமாக இருந்தது. வானைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஆறு நட்டில் இரண்டு இல்லை. அவை இருந்த இடத்தில் போல்ட்டும் முறிந்திருந்தது. மூன்றாவதை விரலால் திருப்பினேன். தண்ணீர்ப் போத்தல் மூடிபோல அது லேசாகச் சுழன்றது.

எல்லோரும் இறங்கி வந்து பார்த்தார்கள். சாரதி நட்டு இறுக்கும் சாவியைக் கொண்டுவந்து நட்டுகளை இறுக்கினார். கைகள் பழகிய வேலையைச் செய்வதுபோல் விரைவாக ஓடின.

"ஒவ்வொரு பின்னேரமும் இறுக்கிறனான்," என்றார் நிமிராமல். "கராஜ்ஜில விட்டா ரெண்டு மூண்டு நாளாகும். அதுக்குள்ள நீங்கள் வேற வான் பிடிச்சிடுவியள் எண்டு பயம். லீவு விட்டதும் செய்விக்கத்தான் இருந்தனான். இப்ப இறுக்கியாச்சு. மெதுவாப் போவம். மூதூர் போய்ச் சேருமட்டும் ஒண்டும் நடக்காது, ஏறுங்கோ."

மூத்த ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். "மெதுவாப் போனாச் சரிதானே," என்று படியில் கால் வைத்தார். மற்றவர்களும் அவருக்குப் பின்னால் நகர்ந்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன்.

"அண்ணை, காய்ச்சல் எண்ட உங்கட மகள் அந்த பஸ்ஸில போறதை நான் கண்டனான். பஸ் இன்னும் கிண்ணியாவைத் தாண்டியிராது. போன் எடுத்து அவவை இறங்கி நிக்கச் சொல்லுங்கோ. அவ இந்த வானில ஏறினா நானும் ஏறுறன்."

அவர் போனை எடுத்தார். மகளின் பெயர் வரும்வரை விரலை ஓட்டினார். பெயர் வந்ததும் அப்படியே நின்றார். பிறகு போனைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

மூத்த ஆசிரியை படியில் வைத்த காலைக் கீழே எடுத்தார்.