இடது கைச் சுண்டுவிரல்

என் ஃபோன் என் கட்டைவிரலுக்குத் திறக்காது. ஆள்காட்டி விரலுக்கும் திறக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை போடும் லைனில் உட்காருகிற எங்கள் எல்லாருடைய ஃபோனும் அப்படித்தான். தோலின் ஓரத்தில் பசை தடவி, விரல் நுனியால் மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பது எங்கள் வேலை. சில மாதங்களில் விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். மிச்சமிருக்கிற ரேகையிலும் பசை காய்ந்து இன்னொரு தோலாக ஒட்டிக்கொள்ளும். பாவம், ஃபோன் நம்மை யாரோ என்று நினைத்துக்கொள்ளும். அதனால் மடிக்கவும் தட்டவும் உதவாத இடது கைச் சுண்டுவிரலை ஃபோனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். புதிதாக வருகிற பெண்ணுக்கு லைனில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். சுத்தியல் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

நான் ஃபோன் நிறையப் பார்ப்பேன். மறைக்க ஒன்றுமில்லை. அணைக்கட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில் கம்பெனி வேன் ஏறியதும் எடுத்தால், ஆம்பூர் கேட்டில் செக்யூரிட்டி கை நீட்டும்வரை கீழே வைக்க மாட்டேன். பகல் முழுக்க அது கேட்டில் கிடக்கும். சாயந்திரம் கைக்கு வந்ததும் வேனில் வரிசையாகச் சுண்டுவிரல்கள் நீளும், மூஞ்சிகளில் வெளிச்சம் விழும். பி.எஸ்சி. இயற்பியலில் எனக்குப் புரியாமலே போன கருந்துளையை ஒருவர் அருமையான தமிழில் விளக்குகிறார், அதைப் பார்ப்பேன். எந்த நாடோ தெரியாது, ஓர் ஆள் கூரையிலிருந்து பனியைச் சுரண்டித் தள்ளுவான், அதையும் பார்ப்பேன். குளிக்க மாட்டேன் என்று வாளியைக் கட்டிக்கொண்டு ஊளையிடும் ஒரு நாய் இருக்கிறது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து சீட் அக்கா என் காதிலிருந்து இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்வாள்.

கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, எல்லாம் தெரியும். ஆனால் பகலெல்லாம் தோலின் மேல் கவிழ்ந்து கிடக்கிற அதே கழுத்துதான் இது. அங்கே கவிழ்ந்தால் நல்ல வேலைக்காரி, ஃபோன் மேல் கவிழ்ந்தால் கெட்டுப்போனவள். இந்தக் கணக்கு யார் போட்டது?

குடியாத்தத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். லுங்கி நெய்கிற பவர்லூம் வைத்திருக்கிற வீடு. பையன் அதிகம் பேசவில்லை. அம்மா டம்ளரை மாற்றி அவனுக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டபோது, அதைக் காப்பி மாதிரி ஊதிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே அவர்கள் வீட்டுக்குச் செய்தி போயிருக்கிறது: பெண் நல்ல பெண், ஆனால் எந்நேரமும் ஃபோனிலேயே கிடக்கிறாள். யார் சொன்னார்களோ. என்ன ஏது என்று அவர்கள் என் அண்ணனிடம் கேட்டார்கள். அப்பா வாய் திறக்காத எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பேசுகிறவன் அவன். பைக் மெக்கானிக்.

"ஒரு நாளைக்கி எத்தினி மணி நேரம்டி பாக்கற?"

"கண்ணு தெரியற வரைக்கும்."

"வாயப் பாத்தியாமா?" என்று அம்மாவிடம் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். அரைத் தூக்கம். யாரோ என் வலது கையை மெதுவாகத் தூக்கினார்கள். கட்டைவிரல் எதன்மீதோ அழுந்தியது. 'டுர்ர்' என்று ஃபோன் மறுத்தது. கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். ஆள்காட்டி விரல். டுர்ர். அண்ணன் என் கட்டைவிரலை அவன் லுங்கியில், ஸ்பேனர் துடைப்பதுபோல, அழுத்தித் துடைத்து மறுபடி வைத்தான். டுர்ர்.

"ஈரத்துணி கொண்டாரட்டாடா?" இது அம்மா. கூட்டணி!

அவன் நடுவிரலுக்குப் போனான், அப்புறம் திரும்பக் கட்டைவிரலுக்கே வந்தான். ஃபோன் அவனைக் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டது. எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"கால் வெரலுங்க பாக்கி கீதுண்ணா. அதயும் வெச்சிப் பாரு."

வெட்கத்தில் கத்தினான். தோஸ்த் ஒருத்தன் ஓர் ஆப் சொன்னானாம். அதைப் போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபோன் தானாகவே மூடிக்கொள்ளுமாம். "அவங்க வந்து கேட்டா காட்டிடலாம்ல? உன் நல்லதுக்குத் தான்டி பேஜார் படறேன்."

"நல்லதுக்குன்னா தூங்கறவ கையப் புடிச்சி திருடுவியா?"

அம்மா குறுக்கே வந்தாள். "அவ பாடம் கீடம் பாக்கறாடா. அன்னிக்கி கூட நட்சத்திரத்தப் பத்தி ஒரு வாத்தியார் பேசினாரே."

அண்ணன் முகம் தெளிந்தது. "அத மொதல்லயே சொல்றதில்ல? படிக்கறதுன்னா வேற. பொண்ணு மேல்படிப்புக்குப் பாக்குதுன்னு சொல்லிடறேன். அவங்களும் இன்னா சொல்லப் போறாங்க?"

நல்ல வழிதான். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஃபோனும் தங்கும், பையனும் தங்குவான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். கம்பெனியில் நான் பாத்ரூம் போய்வருவதைக்கூட சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைக்கிறார். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் காத்திருக்கிறது. நடுவில் வேனில் கிடைக்கிற நேரம் ஒன்றுதான் என்னுடையது. அதையும் எதற்காவது உதவுகிறது என்று சொல்லித்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா? அந்த வாளி நாயை நான் எந்தப் பரீட்சைக்குப் பார்த்தேன்?

"படிக்கறதுக்கு மட்டும் இல்லண்ணா. சும்மாவும் பாப்பேன். நாய் குளிக்கறது பாப்பேன். அதான் ஜாஸ்தி."

"லூசாடி நீ? அவங்ககிட்ட இன்னான்னு சொல்ல?"

"இதையே சொல்லு. ஜாஸ்தி பாக்கும், சும்மா பாக்கும், கம்மி பண்ணிக்காது."

"சம்பந்தம் போய்டும்."

"போனா போவுது."

வாய் சொல்லிவிட்டது. வெறும் தண்ணீரை ஊதிக் குடித்த அந்த முகம் கண்முன் வந்தது. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

அண்ணன் தன் ஃபோனோடு வாசலுக்குப் போய் அவர்களிடம் பேசினான். பொய் சொல்வான் என்றுதான் நினைத்தேன். "பாக்கும்ங்க. ஜாஸ்தி தான்... இல்லீங்க, படிப்புக்கு இல்லீங்க. சும்மா தான்." அப்புறம் நெடுநேரம் 'ம்' மட்டும். உள்ளே வந்து, "யோசிச்சி சொல்றாங்களாம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் ஃபோனை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அந்த ஆப் பேச்சு அதோடு சரி.

திங்கட்கிழமை வேனில் கதையைச் சொன்னதும் பெண்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். குடியாத்தத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வரட்டும், எப்படி வேண்டுமானாலும் வரட்டும். இதைக்கூட அந்த ஃபோனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஆம்பூரிலிருந்து திரும்பும் வேனில். பக்கத்து சீட் அக்கா தோளில் இடிக்கிறாள்.

"எழுதனது போதும்மா. அந்த நாய் குளிக்கறத வைய்யி."

வைக்கிறேன்.