தவலைக்கு ஒரு காகிதச் சட்டை

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அருகே நாங்கள் குடித்தனம் வந்த புதிதில் எங்களிடம் நாற்காலி கிடையாது. பழைய பத்திரிகைகள் இருந்தன. என் கணவர் கோட்டையில் குமாஸ்தா. தினமும் ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்குவார். டிராமில் போகும்போது முதல் பக்கத்தைப் படிப்பார். மீதியை ஞாயிற்றுக்கிழமை படிப்பதாகச் சொல்லிக் கூடத்து மூலையில் அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது முழங்கால் உயரம் இருந்த அடுக்கு, அது ஓய்ந்தபோது என் இடுப்புக்கு வந்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள்.

"எடைக்குப் போட்டுடலாமே" என்பேன்.

"அதுல ஒரு தலையங்கம் படிக்கணும்."

"எதுல?"

"தேடணும்" என்பார்.

எதையும் தூக்கி எறிய எனக்கும் மனசு வராது. அவர் வேட்டி கிழிந்தால் சமையலறைக்குப் பிடிதுணி ஆகும். அதுவும் நைந்தால் விளக்குத் திரி. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி, மூடி போட்டு அரிசி வைத்திருந்தேன். கொஞ்ச நாள் சாதத்தில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அப்புறம் வாசனை போயிற்றா, எங்களுக்குப் பழகிப்போயிற்றா என்று தெரியவில்லை.

என் ஒன்றுவிட்ட அக்கா மாம்பலத்தில் புதுவீடு கட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே அப்போது பாதி வீடு, பாதி வயல். பார்க்கப் போனபோது வத்தல் கொட்டி வைத்திருந்த ஒரு கூடையைக் காட்டினாள். மூங்கில் இல்லை, பிரம்பு இல்லை. தட்டினால் மரம் மாதிரி சத்தம் கேட்டது.

"பழைய காகிதம்டி. ஊற வெச்சு, வெந்தயம் போட்டு அரைச்சு, ஒரு பாத்திரத்தைக் கவுத்து அதுமேல அப்பிக் காய வெச்சேன். அவ்வளவுதான்."

எனக்கு உடனே கூடத்து மூலை ஞாபகம் வந்தது. வாசலில் ஜட்கா வந்து நின்றுவிட்டதால் மேற்கொண்டு கேட்க நேரமில்லை. வண்டி நகர்ந்த பிறகு அக்கா பின்னாலேயே நாலடி ஓடிவந்து கையை ஆட்டி ஏதோ சொன்னாள். குதிரைக் குளம்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நானும் "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளே அடுக்கின் அடியிலிருந்து உருவ ஆரம்பித்தேன். மேலே எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். துண்டு துண்டாகக் கிழித்து இன்னொரு டின்னில் ஊறப்போட்டேன். நன்றாக ஊறி நாற ஆரம்பித்ததும் ஊறின வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினேன். மை எல்லாம் கலந்து விழுது எருமை நிறத்துக்கு வந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"இட்லிக்கா?"

"இல்லை, காகிதம்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அரைத்து முடித்தபோது விழுது நிறைய இருந்தது. எங்களிடம் இருந்த பாத்திரங்கள் எல்லாம் சின்னவை. மாடியில் வீட்டுக்கார மாமி இருந்தாள். நல்ல மனுஷி, ஆனால் அவள் மாடியில் மெதுவாகப் பேசினாலே குளக்கரைக்குக் கேட்கும். அவளிடம் ஒரு பெரிய பித்தளைத் தவலை உண்டு.

"மாமி, கூடை பண்ண உங்க தவலை வேணும்."

"தவலையிலயா கூடை?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் எடுத்துக் கொடுத்தாள். "என் கல்யாணச் சீர். ஒரு கீறல் படப்படாது. வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு வளைகாப்பு, அதுக்குள்ள வந்துடணும்."

கொல்லையில் தவலையைக் கவிழ்த்து, நனைத்த பழைய வேட்டித் துண்டைப் போர்த்தி, விழுதை அப்பினேன். பாதியோடு நிறுத்தினால் கூடை ஆழமில்லாமல் போய்விடுமே என்று கழுத்துவரை அப்பினேன். புளியங்கொட்டைப் பசையையும் மேலே ஒரு பூச்சு பூசினேன். சித்திரை வெயில். வியாழக்கிழமைக்குள் பாறை மாதிரி காய்ந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் கூடையைத் தூக்கினேன். தவலையும் கூடவே வந்தது.

உலுக்கிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவரையும் கூப்பிட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தவலையை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் கூடையைப் பிடித்து இழுத்தேன். நாங்கள் இருவரும்தான் நகர்ந்தோம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் தவலையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு வயிறு பெரிசு, கழுத்து சின்னது. கழுத்துவரைக்கும் சட்டை போட்டுட்டா அது எப்படிக் கழலும்?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?"

"நீ நிஜமாவே காகிதம் அரைக்கறேன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். அப்புறம்தான் அவருக்குத் தோன்றியது. "எந்தக் காகிதம்?"

நான் மறுபடியும் கூடையைத் தட்ட ஆரம்பித்தேன். அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, கத்தியால் கீறிவிடலாம் என்றார். பித்தளையில் கோடு விழுந்தால் மாமி என்ன சொல்வாள் என்பதை நினைத்து இரண்டு பேரும் கத்தியை வைத்துவிட்டோம். கடைசியில் தண்ணீரைக் கொட்டி, ஈரச் சாக்கைச் சுற்றி, கிணற்றடிப் பக்கமாக வைத்தோம். காலைக்குள் இளகிவிடும் என்று நம்பிக்கை.

காலையில் பால்காரர் வழக்கம்போல் மாட்டைக் கொல்லைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கண்முன்னே கறந்து கொடுக்கிற பால். அந்த மாடு லேசுப்பட்டது இல்லை. கறக்கிற நேரம் முழுக்க உதைக்கும், வாலால் அவர் முகத்தில் அடிக்கும். அன்றைக்கு அசையாமல் நின்றது.

"இன்னாம்மா, இன்னிக்கு இவ்ளோ சாதுவா கீது" என்றார் அவர், கறந்துகொண்டே.

நான் திரும்பிப் பார்த்தேன். சாக்கு கீழே கிடந்தது. மாட்டின் வாய் முழுக்கச் சாம்பல் நிறம். ஊறி இளகியிருந்த கூடையின் ஒரு பக்கத்தை அது நிதானமாகப் பிய்த்து மென்றுகொண்டிருந்தது.

பால்காரர் எட்டிப் பார்த்தார். "அய்ய, காயிதம் துன்னுது. மாட்டுக்கு வயிறு கெட்டா நீதாம்மா பொறுப்பு."

"வெந்தயம் போட்டு அரைச்சதுப்பா."

"வெந்தயமா? அப்போ துன்னட்டும். பால் ஊறும்" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

நான் மாட்டை விரட்டப் போனேன். என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து தடுத்தார். "விடு. நம்ம ரெண்டு பேரைவிட அது நன்னாப் பண்றது."

அந்தச் சமயத்தில்தான் தவலையை வாங்கிப்போக மாமி படியிறங்கி வந்தாள். "என் தவலையை மாடு நக்கறதேடி" என்றாள். என் கணவருக்கு உடனே ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. வாயில் பல்பொடியோடு உள்ளே போய்விட்டார்.

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். மாமி தவலையைச் சுற்றி வந்தாள். அதற்குள் வேட்டித் துண்டோடு சேர்ந்து பெரும்பகுதி மாட்டுக்குள் போயிருந்தது. நாக்கு பட்ட இடமெல்லாம் பித்தளை பளபளவென்று இருந்தது. மாமி குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"புளி போட்டுத் தேய்ச்சாக்கூட இப்படி வராது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பசு வந்து துலக்கிக் குடுத்திருக்கு. பொண்ணுக்கு நல்லதுதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. படியேறும்போது திரும்பி, "அந்த வெந்தய நாத்தம் போக நாலு தேய் தேய்ச்சுக் கொண்டு வா" என்றும் சொன்னாள்.

தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்றம் முழுக்கப் போகவில்லை. அன்றைக்கு அந்தத் தவலையில் பானகம் கரைத்தார்கள். குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி மாட்டுக் கதையைச் சொன்னாள். முதலில் நடந்தது நடந்தபடி சொன்னாள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் கூடை கதையிலிருந்து போய்விட்டது, பசு தானாகவே வந்து தவலையைத் தேடியதாக ஆகிவிட்டது. சாயங்காலம் வந்த பெண்கள் தவலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பானகத்தை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நான் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த மாடு எங்கள் கொல்லைக்கு வராமல் வேறு எங்கும் போக மறுத்தது. "இங்க வராம வேற ஊட்டுக்குப் போவ மாட்டேங்குதும்மா" என்று பால்காரர் முறையிட்டார். வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டில் முதலில் கறந்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவார். ஒரு வாரம் காபியில் வெந்தய வாசனை அடித்தது. என் கணவர் ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்ப்பார்.

"தலையங்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கசப்பு" என்றார்.

அடுத்த மாதம் மாம்பலம் போனபோது அக்காவிடம் கேட்டேன். "வயித்தோட நிறுத்திக்கோன்னு அவ்வளவு தூரம் ஓடி வந்து கத்தினேனே. நீயும் தலையாட்டினியே" என்றாள்.

இரண்டாவது கூடையை எங்கள் சொந்தக் குடத்தின் மேல், பாதி வயிறுவரைதான் அப்பினேன். காய்ந்ததும் தொப்பி மாதிரி கழன்றுவந்தது. அடி கொஞ்சம் கோணல். புளி நிறைய இருக்கும்போது நேராக உட்காரும், குறையக் குறையச் சாயும். பல வருஷம் அதில்தான் புளி வைத்திருந்தேன். அது ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டால், என் கணவரே கடைக்குப் போகப் பையை எடுத்துக்கொள்வார்.