விரியும் முனையா, விரிந்தே இருக்கும் முனையா

ஐம்பதை நெருங்கும்போது மெல்போர்னில் எங்கள் பொயிண்ட் குக் பகுதி ஆண்களில் பாதிப் பேர் சைக்கிள் வாங்குகிறார்கள். மீதிப் பேர் சாதத்தை நிறுத்துகிறார்கள். நான் வில் வாங்கினேன். கப்பியும் கம்பியுமாக, யாரோ கோபத்தில் பிரித்துப் போட்ட தையல் மிஷின் போலிருக்கும் காம்பவுண்ட் வில். புராணங்களில் வில்லெடுத்தவர்கள் தோள்வலிக்கு பிசியோதெரபிஸ்டிடம் போனதாகப் படித்த நினைவில்லை. நான் போய்க்கொண்டிருந்தேன்.

இதில் என்னை இழுத்துவிட்டவர் ஸ்பிரிங்வேலில் பல் வைத்தியராக இருக்கும் என் யாழ்ப்பாண நண்பர். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட விவசாயி ஒருவர் தன் பண்ணையில் மான் வேட்டையாட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். மான்கள் இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, பெருகி, இப்போது வேலிக்கு வேலி திட்டு வாங்குபவை. அந்த வரலாற்றை வாசித்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் லைசென்ஸ் எடுத்தேன்.

என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேட்டை என்றால் தடுப்பாள் என்று பல வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"கடையில வாங்கிச் சாப்பிடறப்ப ஒண்ணும் கேக்காதவ இப்ப என்னத்தக் கேக்கப்போறேன். ஆனா அது அடிபட்டு நாள் பூரா காட்டுல அலைஞ்சுதுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே அந்த வில்லை வித்துடுங்க."

நியாயமான நிபந்தனை. எனக்கும் அதே பயம்தான். மான் சாகலாம், தவித்துச் சாகக்கூடாது. அதற்கு அம்பின் நுனியில் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

வேட்டை அம்பு முனையில் இரண்டு ஜாதி. ஒன்றில் பிளேடுகள் எப்போதும் விரிந்தே இருக்கும், அது ஃபிக்ஸ்டு. மற்றது மெக்கானிக்கல்: போகும்போது மடங்கியிருந்து, மானில் பட்டதும் குடை மாதிரி விரியும். காயம் பெரிதாகும், மான் சீக்கிரம் விழும் என்பது அதன் பக்கத்து வாதம். மெல்போர்ன் காற்றில் குடைகள் என்ன ஆகின்றன என்று பார்த்திருப்பதால், சமயத்தில் விரியும் என்று வாக்களிக்கும் எதையும் நான் உடனே நம்புவதில்லை. இருந்தும் இரண்டிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதால் அறிவு வளரவில்லை.

பல் வைத்தியரைக் கேட்டேன்.

"ஃபிக்ஸ்டு தான் மச்சான். விரியிறதுக்கு அதில ஒண்டுமில்லை, அப்ப விரியாமப் போறதுக்கும் ஒண்டுமில்லை."

"போன வருஷம் மெக்கானிக்கல்தான்னு சொன்னீங்களே?"

"ஓம், போன வருசம் அது நல்லா வேலை செய்தது. பிறகு ஒண்டு எலும்பில பட்டு விரியேல்லை. அந்த மானைத் தேடித் தேடி இருட்டிப்போட்டுது. கிடைக்கேல்லை. அதுக்கு முந்தி ஃபிக்ஸ்டு போட்டுத் தவறவிட்டனான். அதாலதான் மெக்கானிக்கலுக்கு மாறினனான்."

அவருடைய கொள்கை மானுக்கு மான் மாறுவது என்று அப்போது புரிந்தது.

பண்ணைக்குப் போய் எய்து பார்ப்பதென்று முடிவாயிற்று. அம்பு பட வேண்டிய இதயமும் நுரையீரலும் மானுக்குச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு பேப்பர் பிளேட் அகலம். மகள் பிறந்தநாளில் மிஞ்சிய பிளேட் ஒன்றை, பலூன் படம் போட்டது, ஃபோம் கட்டையில் குத்திவைத்தோம். மெக்கானிக்கல் முனை நேராகப் போய்ப் பலூனைத் துளைத்தது. ஃபிக்ஸ்டு ஒரு சாண் இடப்பக்கம் விலகி, பிறந்தநாளுக்கே சம்பந்தமில்லாத இடத்தில் நின்றது.

"அப்ப மெக்கானிக்கல்தானே?" என்றேன், நிம்மதியாக.

"பொறும். வில்லை எவ்வளவுக்கு இறக்கி வச்சிருக்கிறீர்?"

தோளுக்காக வில்லை இழுக்கும் பாரத்தைச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கியிருந்தேன். சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

"அப்ப உம்மட அம்பில இருக்கிற விசையில பாதி அந்த பிளேடை விரிக்கவே போயிடும். பிறகு என்னத்தக் கொண்டு உள்ள போறது?"

நேராகப் போவது உள்ளே போகாது. உள்ளே போவது நேராகப் போகாது. ஐ.டி.யில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். ஆனால் அங்கே தவறினால் யாரும் ரத்தம் சிந்துவதில்லை.

குற்றம் முனையில் இல்லை, வில்லில் என்றார் அவர். விரிந்த பிளேடில் காற்று பிடிக்கும். வில் சற்றே கோணலாக இருந்தாலும் அம்பு காட்டிக்கொடுத்துவிடும். அம்பு உட்காரும் தாங்கியை மயிரிழை நகர்த்த வேண்டுமாம். நகர்த்தினோம். அம்பு இன்னும் இடப்பக்கம் போனது.

"மற்றப் பக்கம், மச்சான்."

"நீங்கதான் இந்தப் பக்கம்னீங்க."

"நான் உமக்கு முன்னால நிண்டு சொன்னனான்."

சாயங்காலத்துக்குள் ஃபிக்ஸ்டு முனைகளும் பலூனுக்குள் வந்து சேர்ந்தன. அதையே எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தேன். இருந்தும் வேட்டை நாள் காலையில் காரில் போகும்போது மூன்று முறை மனம் மாறியது. மெக்கானிக்கல் பாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவந்திருந்ததால் அதனால் பலன் ஏதும் இல்லை.

பண்ணையில் வேலமரம் போன்ற ஒரு வாட்டில் மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் பரவியதும் ஒரு பெண் மான் மேய்ந்துகொண்டே வந்து, பக்கவாட்டில் நின்றது. தோள்வலி அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. எய்தேன். மான் துள்ளியது, வேலி வரை ஓடியது, நின்றது. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. பிறகு களைத்தவர்கள் உட்காருவதுபோல் உட்கார்ந்து, தலையைப் புல்லில் சாய்த்தது.

எழப்போன என் சட்டையை அவர் பிடித்து இழுத்தார். உடனே போனால், உயிர் இருந்தால் எழுந்து ஓடும். காத்திருந்தோம்.

"மெக்கானிக்கல் எண்டா நிண்ட இடத்திலயே விழுந்திருக்கும்," என்று காதருகில் சொன்னார்.

"இப்ப சொல்றீங்க?"

"இல்லாட்டி உள்ள போகாமலும் விட்டிருக்கும்."

போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் இறைச்சிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மனைவி கேட்டாள். "ஓடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நடந்ததை அப்படியே சொன்னேன்: துள்ளியது, வேலி, நின்றது, பார்த்தது, உட்கார்ந்தது. வேலி எவ்வளவு தூரம் என்றாள். நம் வீட்டிலிருந்து தெருமுனை இருக்கும் என்றேன். எங்கே பட்டது என்று கேட்டாள். என் விலாவிலேயே தொட்டுக் காட்டினேன். ஆபரேஷன் தியேட்டரில் கடிகாரத்தைப் பார்ப்பவள் போல் முகத்தை வைத்துக்கொண்டு மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"வலிச்சிருக்குமா?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட வர்றவங்களுக்கு மயக்க மருந்து குடுத்திருப்பாங்க."

"மத்த முனைய மாட்டியிருந்தா?"

"அதுவும் தெரியாது." பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "அடுத்த தடவ போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன். கண்ணால பாத்துட்டு அப்புறம் சொல்றேன், வில்லு இருக்கலாமா வேணாமான்னு."

சொல்லிவிட்டுக் குக்கரைத் தேடப் போனாள். வில் தப்பித்ததா, தவணை வாங்கியிருக்கிறதா என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. வெங்காயத்தை உரிக்கச் சொன்னாள். உரித்தேன்.