எண்ணெய்த் துளையில் ஒரு சிவப்பு இழை

நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும். நடுவராக அல்ல, நடுவர்களை நான் மேடைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதோ, இந்தக் குங்குமச் சிமிழைத் திறக்கிறேன். உள்ளே பஞ்சின்மேல் கிடப்பது ஒரு சிவப்பு இழை. ஒரு நெல்மணியைவிடச் சற்றே நீளம், சேமியாவின் தடிமன். நகத்தால் அழுத்தினால் ரப்பரைப் போல் வளைந்துகொடுத்து, விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். என் அக்காள் கணவரை எண்ணூர் விரைவுச் சாலையில் வீழ்த்தியது வேகம் என்றுதான் ராயபுரம் முழுவதும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறது. வேகம் அல்ல. இந்த இழை. இதைச் சொல்லும்போதெல்லாம் மனம் ஆறுதல் அடைவதில்லை, கலங்கத்தான் செய்கிறது. ஏனெனில் வேகத்தைக் கண்டு அஞ்சத் தெரிந்த எங்களில் எவருக்கும் இதைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை.

மாமா காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், வலைக் கிடங்குகளுக்கு நடுவே தகரக் கூரை வேய்ந்த பட்டறை அவருடையது. அடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “நான் கை வச்ச இஞ்சின் நடுக்கடல்ல நின்னுச்சுன்னு ஒருத்தன் வந்து சொல்லட்டும், மீசைய எடுத்துக்கினு பொடவ கட்டிக்கறேன்” என்று துறைமுகத்தில் நின்றே சொல்வார். எனக்கும் செருக்கு உண்டு. கல்லூரிச் சொற்போர்களில் எதிரணிக்காரர்களை அவர்கள் சொற்களாலேயே கட்டிப்போடுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். செருக்குள்ள இருவர் ஒரே குடும்பத்தில் அமைந்தால் பகை மூள வேண்டும். எங்களுக்கோ நட்பு மூண்டது. என் கோப்பைகளை அவர் வீட்டு அலமாரியில் அடுக்கிவைத்தார்; அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசித் திரிந்தேன்.

அந்த வண்டி இரட்டை சிலிண்டர் கொண்ட நெடுஞ்சாலை வண்டி. பழையதாக வாங்கியதை அவர் தம் கையால் மறுபடியும் பிறப்பித்தார் என்றே சொல்ல வேண்டும். புதுப்பேட்டையில் ஒரு சிறிய டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவைத் தேடிப் பிடித்தார். அது என்ன என்று நான் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. “சைலன்சர்ல வீணாப் போற புகைக்கு ஒரு வேலை குடுக்கறோம் மச்சான். அது போற போக்குல ஒரு காத்தாடிய சுத்திட்டுப் போவும். அந்தக் காத்தாடி இந்தாண்ட கீற இன்னொரு காத்தாடிய சுத்தும். அது இஞ்சின் வாயில காத்த ஊட்டும். பசியோடவே வளந்த இஞ்சின், காத்து ஊட்டுனா இன்னா பண்ணும்? மெர்சலாயிடும்.” ஊட்டப்பட்ட காற்றை இஞ்சின் தாங்க வேண்டுமே என்று சிலிண்டருக்கு அடியில் கனத்த தகடு கடைந்துவைத்து அழுத்தத்தைக் குறைத்தார். பிஸ்டன்களை மாற்றினார். பெட்ரோல் தெளிக்கும் ஊசிகளைப் பெரிதாக்கி, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று மடிக்கணினியில் திரும்பத் திரும்பத் திருத்தினார். ஆலை கொடுத்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான குதிரைத்திறன் அதனுள் வந்து சேர்ந்தது. ஒன்றை மட்டும் நான் கண்ணால் கண்டவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: டர்போவைத் தொடுவதற்கு முன்பே அவர் பிரேக்கைப் பெரிதாக்கியிருந்தார்.

கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்பதை அந்த வண்டி எங்களுக்குக் காட்டியது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் காற்றுவடிகட்டியை அடைத்துவிடும். அதைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருப்பார். கடற்காற்று எந்தத் திருகையும் விட்டுவைக்காது. பழைய துணியில் எண்ணெய் தொட்டு, குழந்தைக்குத் தலை துவட்டுவதைப் போல் துடைப்பார். ஓட்டிவந்ததும் இஞ்சினை உடனே அணைக்கமாட்டார். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. சூடு தணியும் முன் எண்ணெயை நிறுத்தினால் அது கருகிவிடும். எனவே தேநீர்க் கடை வாசலில் வண்டி வெறுமனே உறுமிக்கொண்டு நிற்கும். “இன்னா மாமு, குதிரைக்கு இன்னும் மூச்சு வாங்குதா?” என்று கடைக்காரர் கேட்பார். “நீ ஆத்தற டீ ஆறட்டும், அதுவும் ஆறிடும்” என்பார் மாமா. திருவொற்றியூரில் ஒருமுறை நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே அவர் வந்து நின்றார். முறுக்கிய ஆக்சிலேட்டரை விட்டதும் டர்போ புஸ்ஸென்று தும்மியது. அவை முழுவதும் சிரித்தது. “எதிரணிக்கு என் மாமாவின் வண்டியே பதில் சொல்லிவிட்டது” என்று சமாளித்துக் கைதட்டல் வாங்கினேன்.

அக்கா சிரிக்கவில்லை. எங்கள் தந்தை கடலுக்குப் போகிறவர்; அவருடைய படகு திரும்பும்வரை அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். “கடலுக்குப் போறவன் வேணாம்னு சொல்லித்தான் மெக்கானிக்கக் கட்டிக்கினேன். இவரு ரோட்டுலயே கடல இட்டாந்து வச்சிகீறாரு” என்று என்னிடம் பொருமினாள். “ஊருக்கெல்லாம் பேசற இல்ல, இவருகிட்டயும் கொஞ்சம் பேசு.” பேசினேன். உயிரின் அருமையையும் சாலையின் கொடுமையையும் அடுக்கடுக்காக எடுத்துவைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “சூப்பர் மச்சான். கப்பு உனுக்குத்தான்” என்று ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

இனி, இந்த இழை எதிலிருந்து வந்ததோ அந்தப் பேஸ்ட்டுக்கு வருகிறேன். இரண்டு இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்கத் தடவும் சிவப்புப் பசை, காய்ந்தால் ரப்பராகிவிடும். தரையில் ஓடும் வண்டிக்கு இதை மெல்லியதாக இழுத்தால் போதும். காசிமேட்டில் எவரும் அப்படித் தடவுவதில்லை. எண்ணெய் ஒழுகி இஞ்சின் இறுகி, நாள்கணக்கில் அலைந்த படகுகளின் கதைகளைக் கேட்டே வளர்ந்த துறைமுகம் அது. அங்கே பசையை அப்புவார்கள். பிதுங்கி வெளியே வழிந்தால்தான் வேலை திருத்தம் என்பார்கள். “ஒயுகாத இஞ்சின்தான் கரைக்கு வரும்” என்பது மாமாவின் வாய்ப்பாடு. வெளியே பிதுங்குவது உள்ளேயும் பிதுங்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பழைய இஞ்சின்களின் எண்ணெய் வழிகள் அகலமானவை; உள்ளே பிதுங்கியது எதையும் அடைத்ததில்லை. டர்போவுக்கு எண்ணெய் போகும் துளையோ கோணி ஊசி நுழையும் அளவு.

விபத்து நடந்த அந்த வாரம் மாமா தம் வண்டியின் டர்போவைக் கழற்றிச் சுத்தம்செய்து மீண்டும் பூட்டினார். ஞாயிறு காலை எண்ணூர் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். அந்தச் சாலையோரத் தேநீர்க் கடையில் நான் நின்றிருந்தேன். தொலைவிலிருந்து வரும் வண்டியின் விசில் எனக்குப் பழக்கமானது. அது திடீரென்று இரும்பைக் கிழிக்கும் கூச்சலாக மாறியது. எண்ணெய் கிட்டாமல் டர்போவின் தண்டு இறுகி உடைந்திருக்கிறது. அந்த உதறலில் எண்ணெய்க் குழாய் பிய்ந்து, இஞ்சின் எண்ணெய் பின்சக்கரத்தின்மேல் கொட்டியது. வெண்புகைக்குள் வண்டி படுத்தபடியே சறுக்கி, கடலோரக் கருங்கற்களில் மோதி நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரியின் ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்திராவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன். ஓடிப்போய்த் தூக்கினேன். இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. “பேஜாரு ஆயிடுச்சிடா மச்சான்” என்றார். பிறகு, “ஸ்பீடே போவலடா, சத்தியமா போவல” என்றார். அவர் சொன்னதை அன்று நானும் நம்பவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவர், கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, அந்த டர்போவைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று கத்தினாள், கொண்டுவந்து கொடுத்தேன். எண்ணெய்த் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை. அக்காவின் தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கை வாங்கி, துளைக்குள் விட்டு மெல்ல இழுத்தார். இந்த இழை வந்தது.

உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தமது கையால் தம்மையே கொல்லப் பார்த்ததை எண்ணிக் கலங்குகிறார் என்று நினைத்தேன். அவருடைய எண்ணம் அதையும் கடந்து போயிருந்தது. “மச்சான், உங்க நைனா போட்டுல புதுசா வந்த இஞ்சினு. அதுலயும் டர்போ கீது” என்றார். எனக்கு விளங்கவில்லை. “போன வாரம் அத்தயும் கயட்டி மாட்டுனேன். இதே பேஸ்ட்டு டியூப்பு. இதே கை.” சமையலறையில் பாத்திரம் ஒன்று விழும் சத்தம் கேட்டது. அக்கா கேட்டுவிட்டாள். படகு அப்போது நடுக்கடலில் இருந்தது. சாலையில் தண்டு உடைந்தால் சக்கரத்தில் எண்ணெய். படகில் உடைந்தால் இஞ்சின் குழிக்குள், சிவக்கச் சூடான குழாயின் மேல் எண்ணெய். தீப்பிடித்தால் ஓடுவதற்குச் சாலை கிடையாது.

ஷேர் ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். கரையில் கட்டியிருந்த ஒரு படகின் வயர்லெஸ் பெட்டிக்கு முன் உட்கார்ந்தவர், மைக்கை எடுத்து அதன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அலைவரிசையை எல்லாப் படகுகளும் கேட்கும். மீசையைப் பந்தயம் வைத்த மனிதர், ஒட்டுமொத்தக் காசிமேட்டுக்கும் முன்னால் தம் கை தவறிற்று என்று சொல்ல வேண்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “மாமா, நான் பேசறேன். ஆயில்ல கோளாறுன்னு சொல்லி நிறுத்த வைக்கறேன். உங்க பேரே வராது” என்றேன். வாக்கியங்கள்கூட என்னிடம் தயாராக இருந்தன.

“நீ நல்லாப் பேசுவடா. கை தட்டுவாங்கோ” என்றார். “வலைய தண்ணில வச்சிகினு எவனும் ஆயிலுக்காவ இஞ்சின அணைக்க மாட்டான்.” பொத்தானை அழுத்தினார். “ஹலோ, மெக்கானிக்கு பேசறேன். மாமா, கேக்குதா? இஞ்சின ஆஃப் பண்ணு.”

இரைச்சலுக்கு நடுவே என் தந்தையின் குரல் வந்தது. “இன்னாடா சொல்ற? வலை கீய கீதுடா!”

“வலைய வுடு மாமா. நான் வச்ச பேஸ்ட்டு தப்பு. என் கை தப்பு. ஆயில் ஓட்டைய அடைச்சிகினு கீது. இன்னும் கொஞ்சம் ஓட்டுனா நெருப்பாயிடும். அணைச்சிடு.”

வேறு ஏதோ படகிலிருந்து ஒரு குரல் குறுக்கே பாய்ந்தது. “இன்னா மெக்கானிக்கு, ரோட்டுல வுயிந்தது பத்தலன்னு எங்களயும் தள்ளப் பாக்கறியா?” யாரோ சிரித்தார்கள். மாமா பொத்தானை விடாமல் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார்: என் கை தப்பு, அணைச்சிடு. கடைசியில் என் தந்தை, “அணைச்சிட்டேன்டா” என்றார். அதன் பிறகு அந்தப் பெட்டியில் கடலின் இரைச்சல் மட்டுமே இருந்தது.

மறுநாள் மாலை இன்னொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. வலை போயிருந்தது. மீனும் இல்லை. அக்கா தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஊன்றுகோலோடு இஞ்சின் குழிக்குள் இறங்க முடியாத மாமா, டர்போவை மேலே எடுத்துவரச் செய்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணெய் வழியைத் திறந்தார். துளையின் வாயில் இதே சிவப்பில் ஒரு சுருள், ஒரு முனை ஒட்டிக்கொண்டு, மறுமுனை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. என் தந்தை குனிந்து பார்த்தார். “மாப்ள வச்சது நல்லாத்தான் புடிச்சிகினு கீது” என்றார். எவரும் சிரிக்கவில்லை.

இப்போது அந்த மோட்டார் சைக்கிள் பட்டறை மூலையில் நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. வேறு டர்போ பூட்டியாகிவிட்டது. இணைப்புகளில் பேஸ்ட் இல்லை, செம்பு வாஷர்கள் மட்டுமே. காலை இழுத்து இழுத்து நடந்துவந்து மாமா தினமும் அதைத் துடைக்கிறார், சாவியைத் தொடுவதில்லை. காசிமேட்டில் அவர் கை பட்ட படகுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்பட்டன. சிலவற்றில் இழை இருந்தது, பலவற்றில் இல்லை. சிலர் திறக்க மட்டும் விட்டுவிட்டு, மூடுவதற்கு வேறு மெக்கானிக்கை அழைத்தார்கள். அதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரே ஒரு படகு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை உரிமையாளர் ஆந்திரப் பக்கம் விற்றுவிட்டார். பெயரும் வண்ணமும் மாறி எந்தத் துறையில் கிடக்கிறதோ, எந்தக் கடலில் ஓடுகிறதோ தெரியவில்லை. தெரிந்தவர்களையெல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் அக்காவே வாய்விட்டுச் சொன்னாள்: “போதும்யா, ஒருவாட்டி ஸ்டார்ட்டாவது பண்ணு. சத்தம் இல்லாம வூடு எழவு வூடு மாரி கீது.” அவர் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

நான் சிமிழை மூடுகிறேன். வளைத்தால் நிமிரும் இந்த இழையைப் பார்க்கும்போதெல்லாம், தந்தையின் படகு இழுத்துவரப்பட்ட அந்த மாலையில் ஒலிபெருக்கியும் கைதட்டலும் இல்லாத படகுத் துறையில், ஈரக் கயிறுகளுக்கு நடுவே, ஊன்றுகோலில் சாய்ந்து நின்று அவர் உரக்கச் சொன்னது என் காதில் விழுகிறது. கேட்டவர்கள் பலர், இனி நீங்களும் ஒருவர்.

“நான் பேஸ்ட்டு வச்ச போட்டு எங்க கீதோ, அங்க நானே வந்து தொறக்கறேன். கடசி போட்டு தொறக்கற வரிக்கும் என் வண்டி ஸ்டார்ட் ஆவாது.”