அப்பாவின் 'ஆனா'

காப்பிப் பழத்தின் தோல் குவிந்து புளித்து நாறும் மாதத்தில்தான் நாகலூரில் எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு வரும். அந்த வாடையில் உட்கார்ந்துகொண்டு, 'ஆல்தோ' எங்கே, 'பட்' எங்கே, 'ஹவ்எவர்' எங்கே என்று பத்தாம் வகுப்பு முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் நாங்கள் எல்லோரும் தவறாமல் ஒரு 'பட்'டையும் செருகுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இங்கிலீஷ் டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஒரு சட்டைக்கு எதுக்குடி ரெண்டு காலர்?" என்பார்.

எங்கள் வீட்டுப் பேச்சை அவர் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரையும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள், அது மரியாதையில்லை. முதலில் சம்மதம், பிறகு ஓர் 'ஆனா', அதோடு பேச்சு முடிந்துவிடும். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான என் அப்பாவின் 'ஆனா'க்களை நான் வகை பிரித்தே வைத்திருந்தேன்: 'அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்' என்கிற 'ஆனா', 'பழம் பறிச்சு முடியட்டும்' என்கிற 'ஆனா', மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற 'ஆனா'. மூன்றாவதுக்கு அப்பீல் கிடையாது. சேலத்தில் பாலிடெக்னிக் சேர வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் வந்தது அதுதான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் டீச்சரே எங்கள் வீட்டுக்கு வந்து எனக்காகப் பேசினார். அப்பா மிகவும் பணிவாக, "நீங்க சொன்னாச் சரிதானுங்க டீச்சர், அனுப்பிச்சரலாமுங்க. ஆனா..." என்று இழுத்துத் துண்டை உதறினார். கதவருகே நின்ற நான் அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டீச்சரோ முகம் மலர்ந்து கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். வாக்கியத்தின் கனமெல்லாம் 'பட்'டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று ஆண்டு முழுக்க எங்கள் உயிரை வாங்கியவர், அப்பாவின் 'ஆனா'வைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போதாததற்கு, ரைட்டர் மகள் சேலத்துக்குப் படிக்கப் போகிறாள் என்று பஸ் முழுக்கச் சொல்லியும் விட்டார். மறுநாள் எஸ்டேட்டில் வேலையாட்கள் ஒவ்வொருவராக அப்பாவிடம் வந்து, "ஏனுங்க, புள்ளையப் படிக்க அனுப்பறீங்களாமா? நொம்ப சந்தோசமுங்க" என்றார்கள். அத்தனை பேரிடமும் மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

மாலையில் வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தார். "நான் 'ஆனா'ன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. அப்பறம் ஒண்ணுஞ் சொல்லுலீங்களே" என்றாள் அம்மா, அரிசி களைந்தபடியே.

அந்த ஜூனில் நான் சேலத்துக்குப் போனேன்.

இப்போது சேலத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்கள் போடுகிறேன். நாகலூரில் பழத்தோல் குவிந்து கிடந்த இடத்தில் சுற்றுலா விடுதி வந்திருக்கிறது. பேச்சும் மாறிவிட்டது. போன மாதம் சித்தப்பா மகள் கோயம்புத்தூரில் படிக்க வேண்டும் என்று கேட்டாளாம். சித்தப்பா "முடியாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். நேரான பதில்தான், சிறுவயதில் நான் ஏங்கியதும் இப்படியொரு நேரான பதிலுக்குத்தான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறுவாள்?