மழையில் இழைத்த கதவு

எழுபதுகளில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர் அவர். அரசாங்கச் சோதனைக்கூடம் ஒன்றில் மரக்கட்டைகளை அழுத்தி, ஒடித்து, உலர்த்திப் பார்க்கும் வேலை. ஒல்லியான மனிதர். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்க்குமுன் வாசல் நிலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார்.

நாங்கள் தில்லிக்கு வந்த முதல் ஆவணியில் வாசற்கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தது. தச்சனைக் கூட்டிவந்து இழைக்கச் சொன்னேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவர் நின்றார்.

"இப்ப இழைக்காதீங்கோ சார். மரம் மழை ஈரத்தைக் குடிச்சிருக்கு. ரெண்டு மாசம் போனா தானே சுருங்கிடும்."

"அதுவரைக்கும் கதவைத் திறந்து போட்டுண்டா தூங்கறது?" என்றேன். தச்சனைப் பார்த்து, "ஜல்தி கரோ பையா" என்று அவசரப்படுத்தினேன்.

மார்கழியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. கூடத்தில் படுத்திருந்த அப்பாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. இடுக்கில் பழந்துணி திணித்தும் குளிர்காற்று நிற்கவில்லை. தை பிறக்குமுன் அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர் அன்று நிலையைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டாவது ஆற்றாமையைத் தீர்த்திருப்பேன்.