‘ஏளா எந்திரி’ பாட்டின் டிரம்மர்

விஜிலாவுக்கு டிரம்ஸ் பழக்கிவிட ஆள் யாரும் இல்லை. புன்னைக்காயல் மாதா கோயிலில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் கப்பல் வேலைக்குப் போனதும், அந்த டிரம்ஸ் செட் கோயில் ஹாலில் போர்வை மூடிக் கிடந்தது. பாட்டுப் பழக வந்த விஜிலா ஒருநாள் போர்வையை விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்க மனம் வரவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் இரண்டு பாட்டுக்கு வாசித்தாள். பங்குச் சாமியார் தடுக்கவில்லை. ஊர்தான் ஒரு வாரம் பேசி ஓய்ந்தது.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தாள். புருஷன் பர்னபாசும் கப்பல்காரன்தான். வருஷத்தில் பாதி கடலில். விஜிலா துறைமுகத்துப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஏஜென்சியில் வேலைக்குப் போனாள். சாயங்காலங்களில் கல்யாண வீடுகளில் வாசிக்கும் ‘கொற்கைக் கூட்டம்’ என்ற பேண்டில் பாடினாள். பாடினாள் என்றால் கோரஸ்தான். கிட்டாரும் கையுமாக நடுவில் நின்று பாடுவது கிளைட்டன். கீபோர்டு ரெக்ஸ், டிரம்ஸ் ஜெயகணேஷ். ஓரத்து மைக்கில் ‘ஆ’வும் ‘ஓ’வும் விஜிலா.

டிரம்ஸ் வாசிக்கட்டுமா என்று அவளும் பல தடவை கேட்டுவிட்டாள். கிளைட்டன் மரியாதை தெரிந்த பையன். முகத்தில் அடித்தாற்போல் சொல்லமாட்டான். “டிரம்ஸ்ல ஒரு லேடீஸ் உக்காந்தா சனம் மாப்பிள்ளை பொண்ணைப் பாக்காதுக்கா” என்று சிரித்து மழுப்புவான். அவளும் சிரித்துவிட்டுத் தன் மைக்குக்குப் போய்விடுவாள். சிரிப்பு வீடு வரைக்கும் வராது.

மகளிர் தினம் நெருங்கியபோது ரெக்ஸ் செல்போனோடு வந்தான். பெண் விடுதலைப் பாட்டு எதைப் போட்டாலும் இப்போது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கிளைட்டனுக்கு உடனே பொறி தட்டியது. வாரம் முடிவதற்குள் ‘ஏளா எந்திரி’ தயார். வளையல் போட்ட கை முஷ்டியை ஓங்கியிருப்பதுபோல் போஸ்டர் அடித்தார்கள். யூடியூப் சேனல்காரர்கள் கிளைட்டன் வீட்டு மாடிக்கே பேட்டி எடுக்க வந்தார்கள். பெண்ணியம் எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று கிளைட்டன் கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தது விஜிலா.

பாட்டை அவள் மாமியார் பேபிக்குப் போட்டுக் காட்டினாள். பேபி மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார். தூங்கியது போதும் பெண்ணே, விழித்து எழு என்று கிளைட்டன் நாலு தடவை கூவினான்.

“யாரளா எந்திரிக்கச் சொல்லுதான்?” என்றார் பேபி. “நான் எந்திரிச்சு, பூசைக்குப் போயி, மார்க்கெட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். இந்தப் பய எந்நேரம் எந்திரிச்சான்னு கேளு.”

விஜிலாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீடியோவில் ஒரு பெண் டிரம்ஸ் வாசித்தால் எடுப்பாக இருக்கும் என்று அவளையே உட்கார வைத்தார்கள். சத்தம் ஏற்கெனவே ஜெயகணேஷ் வாசித்துப் பதிவாகியிருந்தது. அக்கா குச்சியை வீசினால் போதும், தோலில் படக்கூடாது என்றான் கிளைட்டன். அன்று பூரா காற்றை அடித்தாள்.

வீடியோ பிடித்துக்கொண்டது. பாடியவனை விட்டுவிட்டு எல்லோரும் டிரம்ஸ் அக்காவைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆபீசில் கேக் வெட்டினார்கள். மீன்காரி இரண்டு சாளையைக் கூடப் போட்டாள். பாராட்டு வர வர விஜிலாவுக்கு உடம்பு கூசியது. கையில் இருக்கிற வித்தைக்கே பொய் சொல்லிப் பேர் வாங்குகிறோமே என்று இருந்தது.

அதோடு ஒரு பெண்கள் கல்லூரி அழைத்தது. டிரம்ஸ் அக்கா கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். கிளைட்டன் அதற்கும் வழி வைத்திருந்தான். பதிவான டிராக்கையே ஓடவிடலாம், அக்கா வீடியோவில் செய்ததைச் செய்தால் போதும் என்றான்.

விஜிலா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“ஏலே கிளைட்டன், வாரேன். ஆனா வாசிக்கதுக்குத்தான் வாரேன். காத்தடிக்க வேற ஆளைப் பாரு.”

அவளுக்காகப் பேசியது ஜெயகணேஷ். ஒத்திகைக்கு ஒருநாள் முன்னதாக வந்தபோது அக்கா தனியாக வாசித்ததைக் கேட்டிருக்கிறானாம். பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டானாம். “அவங்க வாசிக்கட்டும்ணே. நான் ரிதம் பேட் பாத்துக்கிடுதேன். டிரம்ஸைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போச்சு” என்றான்.

வேறு வழியில்லாமல் கிளைட்டன் தலையாட்டினான். அங்கேயே அவள் வாசித்துக் காட்டியதும் அவன் திறந்த வாயை மூடவில்லை. அந்த உற்சாகத்திலேயே விஜிலா மாமியார் சொன்னதையும் சொன்னாள். கிளைட்டன் முகம் முதலில் சுருங்கியது. பிறகு அவனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் சரணத்தை நீக்கிவிட்டு, பேபி பேசியதை அப்படியே மெட்டில் உட்காரவைத்தான்.

கல்லூரியில் அவள் எடுத்த வேகத்துக்குக் கிளைட்டன் முதலில் திணறி, பிறகு ஓடிவந்து பிடித்துக்கொண்டான். ‘இந்தப் பய எந்நேரம் எந்திரிச்சான்’ என்ற வரி வந்ததும் பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். பாட்டை மறுபடி பாடவேண்டியதாயிற்று.

முடிந்ததும் ஒரு மாணவி மைக்கை வாங்கி, இந்த பேண்டில் எத்தனை வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறீர்கள் அக்கா என்று கேட்டாள். கிளைட்டன் தரையைப் பார்த்தான். விஜிலாவுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு பொய் சொன்னால் எல்லோருக்கும் சுகம். ஆனால் அவ்வளவு வாசித்த பிறகு பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

“இன்னைக்குத்தான் முதல் நாள்” என்றாள்.

கூட்டம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. கிளைட்டன் மைக்குக்கு வந்தான்.

“நெசமாத்தான் சொல்லுதாங்க. வீடியோல வாசிச்சது ஜெயகணேஷ். அக்கா வருஷக்கணக்கா கேட்டாங்க, நாங்கதான் குடுக்கல. உங்களுக்காகத்தான் பாட்டு எழுதுனோம், ஆனா பக்கத்துல நின்னவங்களைப் பாக்கல.”

பின்வரிசையில் யாரோ ‘ஊ’ என்று கேலியாகக் கூவினார்கள். அதற்கப்புறம் கைதட்டல் வந்தது. அவனுக்கா அவளுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது டிரம்ஸ் விஜிலாவுடையது. ஜெயகணேஷின் முதுகு தேறிவிட்டது. ஓரத்து மைக் காலியாகக் கிடப்பதால் ரெக்ஸ்தான் ‘ஆ’வும் ‘ஓ’வும் பாடுகிறான், சுமாராகத்தான் பாடுகிறான். கிளைட்டன் பேட்டிகளில் இன்னமும் பெண்ணியம் பேசுகிறான். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். டீ மட்டும் அவன் போடுகிறான்.

போன மாதம் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஆறுமுகநயினார் அங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர். டிரம்ஸ் அடிக்கிற அந்தப் பிள்ளை நேரில் வருமா, படத்தில் மட்டும்தானா என்று போனில் கேட்டிருக்கிறார்.

“வருவாங்க அண்ணாச்சி. அவங்க வராட்டி நாங்க வந்து பிரயோசனமில்லை” என்று கிளைட்டன் சொன்னானாம்.

அன்று செம்மண் புழுதி பறக்கிற காற்று. பந்தல் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விஜிலா குச்சியை எடுத்து, அந்தச் சத்தத்துக்கும் மேலாக முதல் அடியைப் போட்டாள். மணமேடையில் நின்ற பெண் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.